குன்னத்து டாக்டரம்மாவும் ஐந்தோவன் வீட்டு டாக்டரும்

1

இன்றோடு அக்காவுக்குக் கடைசி கீமோ ஏறி ஒரு வருடம் ஆகிறது. காலையில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து அலுவலகம் போகிறேன். மழை முகத்தில் அறைகிறது. நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே போகிறேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "நல்ல செய்தியா?" என்று கேட்டேவிட்டார். முன்பின் தெரியாதவர் இந்த ஊரில் அப்படிக் கேட்பது அபூர்வம். "என் அக்கா வெங்காயம் நட்டுவிட்டாள்" என்றேன். என் டச்சு அவர் காதில் எப்படி விழுந்ததோ தெரியாது. "வாழ்த்துகள்!" என்று சொல்லிவிட்டுப் பச்சை விளக்கில் பறந்துவிட்டார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அக்கா மலர்க்கொடி என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அந்த மண்ணிலேயே வாக்கப்பட்டு அங்கேயே இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கணினி நிறுவனத்தில் வேலை. யாழினி என்று பதிமூன்று வயதில் ஒரு மகள்.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. பிழைத்துவிட்டாள். அவளைப் பிழைக்க வைத்தது திருச்சியில் இருந்த பெரிய டாக்டர்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த டாக்டர்களிடம் அவளைச் சரியான நேரத்துக்கு, இரண்டு முறை, கொண்டு சேர்த்தது யார் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இந்த நாட்டில் ஆளுக்கொரு 'ஹவுஸ்ஆர்ட்ஸ்' உண்டு. சொல்லைப் பிரித்தால் வீட்டு டாக்டர். வந்த புதிதில் எனக்குக் காய்ச்சல். வீட்டு டாக்டர் என்றால் வீட்டுக்கு வருவார் என்று நினைத்து, போனில் விலாசம் சொல்லிவிட்டு, கூடத்தைப் பெருக்கி, டீக்குப் பால் வைத்துக் காத்திருந்தேன். மாலை வரை யாரும் வரவில்லை. மறுபடி போன் செய்தால், அங்கிருந்த பெண், "நீங்கள்தானே வர வேண்டும்? உங்கள் பத்து நிமிடம் மதியமே முடிந்துவிட்டது" என்றாள்.

பத்து நிமிடம்தான். அதற்கும் முன்னால் அந்தப் போன் பெண்ணைத் தாண்ட வேண்டும். என்ன வலி, எத்தனை நாளாக, பத்துக்கு எத்தனை மதிப்பெண் வலி என்று குடைவாள். எல்லாம் சொன்ன பிறகு பாராசிட்டமால் போடச் சொல்வாள். வீட்டு டாக்டர் கடிதம் கொடுக்காமல் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க முடியாது. நம் ஊரில் தலைவலி என்றால் நேரே தலைக்கான டாக்டரிடம் போவோம், இவர்கள் எதற்கு இடையில் ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் எரிச்சல்பட்டவள் நான். என் வீட்டு டாக்டர் லீஸ்பெத், ஐம்பது வயதை ஒட்டியவர், உயரமானவர், சைக்கிளில் வருபவர். நல்லவர்தான். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குப் பிடிபடவேயில்லை.

குன்னத்தில் டாக்டர் மெஹருன்னிசா இருக்கிறார். ஊருக்கே டாக்டரம்மா. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு எட்டு நடந்தால் கிளினிக். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதே இடம். அவரையும் நான் 'ஊசி போடுற டாக்டர்' என்ற கணக்கில்தான் வைத்திருந்தேன்.

3

அக்காவுக்குக் கட்டி இருந்தது நாலு மாதமாக அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க அழைத்துக்கொண்டு போனவளிடம் டாக்டரம்மா, "அவங்களுக்கு எழுதிட்டேன். நீ ஏன் இப்புடி இளைச்சுப் போயிருக்கே?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்ணுமில்லீங்க. காட்டு வேலை."

"காட்டு வேலை போன வருஷமும் இருந்துச்சுல்ல? உள்ள வா."

திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சோதித்திருக்கிறார். வெளியே வந்ததும் மழுப்பவில்லை. "மலரு, இது கேன்சரா இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். ரெண்டுல எதுன்னு திருச்சிலதான் சொல்ல முடியும். நாளைக்கே போற. நான் லெட்டர் தரேன், போனும் பண்ணிடறேன். உன் வூட்டுக்காரர சாயந்திரம் என்னை வந்து பாக்கச் சொல்லு."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. 'அந்த வியாதி' என்பார்கள். அன்று சாயங்காலம் மாமா கிளினிக்கில் உட்கார்ந்து தேம்பியிருக்கிறார். ஆலையில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் மலைப்பக்கம் பச்சிலை வைத்தியம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா கேட்டுக்கொண்டு, "பச்சிலைக்கு அப்பறமா போங்க. இப்ப இது சின்னதா இருக்கு. சின்னதா இருக்கறப்பவே எடுத்துப்புடணும்" என்று முக்கால் மணி நேரம் பேசி அனுப்பினாராம். வெளியே ஜனம் வரிசையில் நின்றிருக்கிறது.

புற்றுநோய்தான் என்று திருச்சியில் உறுதியானதும் எனக்குச் செய்தி வந்தது. நான் உடனே எல்லாம் தெரிந்தவள் ஆகிவிட்டேன். இங்கிருந்தபடியே சென்னையில் ஆஸ்பத்திரி தேடினேன், பட்டியல் போட்டேன், டாக்டரம்மாவுக்கே போன் போட்டேன். "தப்பா நினைக்காதீங்க டாக்டர், இது ஸ்பெஷலிஸ்ட் பாக்க வேண்டிய விஷயம். நீங்க இதுல தலையிடாம இருந்தா நல்லது" என்று சொன்னேன். இன்று நினைத்தால் காது சுடுகிறது.

அவர் கோபப்படவில்லை. "சென்னைக்கே போகட்டும்மா. நல்ல டாக்டருங்க. ஆனா எட்டு தடவ மருந்து ஏத்தணும். ஒவ்வொரு தடவையும் ஏத்திட்டு வூட்டுக்குத்தானே வருவா? மூணாம் நாள் வாந்தி எடுத்தா சென்னைக்கு ஓடுவாளா, என்கிட்ட வருவாளா?"

அக்கா திருச்சியிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்வதாக முடிவு செய்தாள். அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ.

4

நான் அப்போது ஊருக்குப் போக முடியவில்லை. என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது வராமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது சிக்கல். அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம், அரசிடமிருந்து ஒரு கடிதம், 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று சொல்வதற்கு ஒரு கடிதம். தினமும் தபால் பெட்டியைப் பார்த்து ஏமாந்து கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு இரண்டாவது கீமோ முடிந்த வாரம். யாழினியின் போன் கைதவறி விழுந்து கண்ணாடி உடைந்தது. அவள் கத்தினாள்: "காங்கர் போன்!"

டச்சில் 'காங்கர்' என்றால் புற்றுநோய். இங்கே பிள்ளைகள் அதைக் கெட்ட வார்த்தையாக வைத்திருக்கிறார்கள். பஸ் தவறினால் காங்கர் பஸ், மழை வந்தால் காங்கர் மழை. பள்ளிக்கூட வாசலில் எத்தனையோ முறை என் காதில் விழுந்திருக்கிறது. என் வீட்டுக்குள், என் பிள்ளை வாயிலிருந்து விழுந்தது அன்றுதான். நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"அம்மா, அது சும்மா சொல்ற வார்த்தை" என்றாள் டச்சில். பிறகுதான் உறைத்தது அவளுக்கு. பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். ஊரை விட்டு வந்தும் நான் மட்டும் அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அன்று எல்லாம் சொன்னேன். அவள் தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். பிறகு தன் உடைந்த போனை எடுத்து, பெரியம்மாவுக்கு முதல்முறையாகத் தமிழில் குரல் செய்தி அனுப்பினாள்: "பெரியம்மா, நான் உங்களுக்குப் பலத்தை ஆசைப்படறேன்." டச்சில் நோயாளிகளுக்குச் சொல்லும் வாழ்த்தை அப்படியே பெயர்த்திருந்தாள். அக்கா அதைத் தெருவுக்கே போட்டுக் காட்டிச் சிரித்தாளாம். "எனக்குப் பலத்த ஆசைப்படறாளாம்டி உன் மவ!"

மறுநாள் எனக்கு நெஞ்சு படபடப்பு. லீஸ்பெத்திடம் போனேன். பத்து நிமிட சந்திப்பு. அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து ஐந்து நிமிடம் அழுகையிலேயே போனது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. படபடப்புக்கு மருந்து எழுதுவார் என்று பார்த்தால், ஒரு கேள்வி கேட்டார்.

"உன் அக்காவின் வீட்டு டாக்டர் யார்?"

"அங்கே அந்த ஏற்பாடு எல்லாம் இல்லை. பக்கத்தில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், அவ்வளவுதான்."

"அவரேதான் வீட்டு டாக்டர். என்ன மருந்து, எந்தத் தேதியில் ஏறியது என்று ஆஸ்பத்திரிக் கடிதம் அவரிடம் இருக்கிறதா? கீமோ எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளணு இறங்கும் நாட்கள் உண்டு. அப்போது காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. என் நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே கடிதம் என் மேசைக்கு வந்துவிடும். உங்கள் ஊரில் அந்தக் கடிதத்தை யாராவது கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்."

அவர் அறையை விட்டு வெளியே வந்து வாசலிலேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். திருச்சி காகிதங்கள் எல்லாம் அலமாரியில் பத்திரமாக, மஞ்சள் பையில், பூட்டி வைத்திருக்கிறாளாம்.

"அத நகல் எடுத்து டாக்டரம்மாட்ட குடுக்கா. இன்னைக்கே."

"அவங்கள தலையிடாதீங்கன்னு சொன்னவ நீதானடி கயலு?"

"ஆமாக்கா. தப்புதான். குடு."

மாமா அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தார்.

5

ஆறு நாள் கழித்து, நான் அலுவலகத்தில் நுழைந்து மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அக்கா போன் செய்தாள். ஊரில் அப்போது மதியம். குரல் நடுங்கியது.

"காலைல லேசா காயுதுன்னு மாத்திர போட்டுட்டு வெங்காயம் அரிய உக்காந்தேன்டி. இப்ப குளிருது. படுத்தாச் சரியாயிரும். மாமா ஷிப்டு முடிஞ்சு வந்ததும் போயிட்டு வரேன்."

"எத்தன டிகிரி இருக்கு?"

"நூத்தி ஒண்ணு."

நான் கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மாமாவுக்காகக் காத்திருக்காதக்கா! பக்கத்து வூட்டு வண்டில ஏறு. டாக்டரம்மாட்ட போ. இப்பவே!"

அவள் போனாள். அங்கே நடந்தது பிறகு அக்காவும் மாமாவும் சொல்லித் தெரியும். கிளினிக்கில் அக்கா வழக்கம்போல, "காய்ச்சலுங்க, ஒரு ஊசி போட்டு விடுங்க, ஆள் கூலிக்கு வந்திருக்கு, போவணும்" என்றிருக்கிறாள். டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து அந்த நகலை எடுத்தார். தேதியை விரலில் எண்ணினார். எழுந்துவிட்டார்.

"பன்னெண்டாம் நாள். ஊசி போட்டு அனுப்பற காய்ச்சல் இல்ல மலரு இது. ரத்தத்துல எதிர்த்து நிக்க ஆளே இல்லாதப்ப கிருமி உள்ள வந்திருக்கு. உக்காரு."

திருச்சி டாக்டருக்கு அவரே போன் செய்தார். மருந்தின் பெயர், நாள், காய்ச்சல், நாடி, பிரஷர் எல்லாவற்றையும் தாளைப் பார்த்து ஒப்பித்தார். அவர்கள் சொன்ன மருந்தின் முதல் அளவைக் கிளினிக்கிலேயே நரம்பில் ஏற்றினார். ஆம்புலன்சுக்குச் சொன்னார். வர நேரமாகும் என்று தெரிந்ததும் தன் காரையே எடுத்தார். வரிசையில் இருந்தவர்களிடம், "கோவிச்சுக்காதீங்க, போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, டிரைவர் ஓட்ட, பின்சீட்டில் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனார். பெரம்பலூர் தாண்டி நான்கு வழிச் சாலை ஏறியதும் பிரஷர் இறங்கத் தொடங்கியது. கிளம்பும்போது நூறாக இருந்தது எண்பத்தைந்துக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா விடாமல் பேசிக்கொண்டே வந்தாராம். "மலரு, கண்ணத் தொற. வெங்காயம் எத்தன மூட்ட வரும் இந்த வாட்டி? சொல்லு."

"இருவது..."

"போன வருஷம் எத்தன?"

அப்படியே திருச்சி வரை.

நான் இங்கே கூட்ட அறையில் தனியாக உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணி நேரம். ஆலையிலிருந்து நேரே திருச்சிக்கு ஓடிய மாமாவின் செய்தி வந்தது: "உள்ள சேத்துட்டாங்க. பெட்டு தயாரா வச்சிருந்தாங்க. பிரஷர் ஏறிருச்சு." ஐந்தாம் நாள் அக்கா வீடு திரும்பினாள். பெரிய டாக்டர் மாமாவிடம், "சாயந்திரம் வரைக்கும் பார்த்திருந்தால் எங்கள் கையில் இல்லை" என்று சொல்லியிருக்கிறார்.

மாமாவின் ஷிப்ட் மாலை ஆறு மணிக்குத்தான் முடியும்.

6

அட்டை வந்தது. கீமோ எல்லாம் முடிந்த பிறகு பள்ளி விடுமுறையில் யாழினியோடு போனேன். சென்னையிலிருந்து ரயிலில் அரியலூர். ஸ்டேஷனுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதிக்கு நடுவில் மாமா நின்றிருந்தார். அவர் பக்கத்தில் வேனில் சாய்ந்தபடி, கிராப்பு வெட்டியது மாதிரி சுருள் சுருளாக முடி முளைத்து அக்கா. யாழினி பையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அந்த முடியைத் தடவித் தடவிப் பார்த்தாள். "பெரியம்மா, இது ரொம்ப கூல்!" நான் மொழிபெயர்க்க வேண்டி இருக்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"அத விடுங்கம்மா. உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தி மூணு."

"செக் பண்ணிக்கிட்டீங்களா?"

"அங்க ஐம்பது வயசுலதான் கூப்புடுவாங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க அப்பாவோட தங்கச்சி, செங்கமலம் அத்தை, எதுல போனாங்க தெரியுமா?"

"மஞ்சக்காமாலை."

"யாரு சொன்னா?"

வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன்.

"மார்ல கட்டி. உங்க அப்பா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. கல்யாண வயசுல ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன்னாரு. என்கிட்ட வரப்பவே முத்திப் போயிருந்துச்சு. ஒண்ணும் செய்ய முடியல. வலி தெரியாம பாத்துக்க மட்டும் முடிஞ்சுது. நான் வந்த புதுசு. மொபெட்ல தினம் வூட்டுக்கு வந்து மருந்து குடுத்துட்டுப் போவேன். நாப்பது வயசுகூட ஆவல. உங்க அப்பாவும் போயிட்டாரு. இனி மறைச்சா உசுரோட இருக்கறவங்களுக்குத்தான் கேடு. மலருக்கு முன்னயே சொல்லிட்டேன். இப்ப உங்களுக்கு."

என் குடும்பத்தைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்று அந்த மேசைக்குப் பின்னால் இருபது வருடத்துக்கு மேலாக இருந்திருக்கிறது. கிளம்பும்போது ஒரு கடிதம் கொடுத்தார். ஆங்கிலத்தில், ஒரே பக்கம், வட்ட வட்டமான கையெழுத்து. 'அன்புள்ள சக மருத்துவருக்கு' என்று ஆரம்பித்து, அக்காவின் நோய், அத்தையின் நோய், வயதுகள், என்னைச் சோதித்துப் பார்க்கும்படி வேண்டுகோள். "உங்க வூட்டு டாக்டர் கைல குடுங்க. தபால்ல போடாதீங்க."

7

லீஸ்பெத் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நான் எத்தனை வருடமாக அவரிடம் போகிறேன்! 'குடும்பத்தில் யாருக்காவது?' என்று படிவத்தில் கேட்ட ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்று எழுதியவள் நான்.

"இவருக்குக் கணினிப் பதிவேடு உண்டா?" என்று கேட்டார்.

"நோட்டுதான்."

"நல்ல நோட்டு" என்றார். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரை எழுதினார். போன் பெண்ணிடம் நான் மன்றாட வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரத்தில் படம் எடுத்தார்கள். பரம்பரைச் சோதனைக்கு ரத்தமும் எடுத்தார்கள். அக்காவுக்கும் திருச்சியில் எடுக்க வேண்டும் என்று லீஸ்பெத் பதில் கடிதம் எழுதி, அதைப் படம் பிடித்து டாக்டரம்மாவுக்கு அனுப்பச் சொன்னார். அதன் பிறகு அந்த இருவரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நான் தபால்காரி.

காத்திருந்த வாரங்களில் குளிக்கும்போதெல்லாம் விரல் தானாக அங்கே போய்விடும். யாழினி தூங்கிய பிறகு அவள் அறைக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன்.

போன வியாழக்கிழமை மதிய இடைவேளையில் லீஸ்பெத்தே அழைத்தார். நான் அலுவலகத்து சைக்கிள் கொட்டகைக்கு ஓடினேன். "படம் சுத்தம். உன் அக்காவின் ரத்தத்திலும் உன் ரத்தத்திலும் அவர்கள் தேடிய குறை இல்லை. ஆனாலும் வருடம் ஒருமுறை வரவேண்டும், தப்பிக்க முடியாது" என்றார். நன்றி என்று சொல்வதற்குப் பதிலாக வாழ்த்துகள் என்று உளறினேன். அவர் சிரித்துக்கொண்டே, "உனக்கும்" என்றார்.

உடனே அக்காவுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல். ஒரு வண்டியின் ஹாரன். யாரோ ஒருத்தி "எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல, எறக்கி விடுடி" என்று கத்துகிறாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்லையாம்! ரிசல்ட் வந்துருச்சு!"

"ஆங்? நல்லதுடி, நல்லது! சந்தோசம்! கேளு, நான் ஒம்போது பொம்பளைங்கள வேன்ல ஏத்திக்கிட்டு டாக்டரம்மாட்ட போறேன். செக் பண்ண. ஒருத்தி எறங்கி ஓடப் பாக்கறா. ஏ காமாட்சி, உக்காருடி! எனக்கு வந்துச்சுல்ல, கேன்சரு, நான் செத்தா போயிட்டேன்? உக்காரு! இந்தா கயலு, சாயந்திரம் பேசறேன், இப்ப நேரமில்ல."

வைத்துவிட்டாள்.